ராஜா ராணி விளையாட்டில் இல்லாத ஆறாவது வரி

1

காகிதம் கிழித்து வீட்டில் செய்த ஒரு சீட்டு விளையாட்டைப் 'பிரதி' என்று சொன்னால் இலக்கிய நண்பர்கள் சிரிக்கிறார்கள். நாவல் பிரதி, சினிமா பிரதி, மதில்மேல் ஒட்டிய சுவரொட்டிகூடப் பிரதி. விளையாட்டு மட்டும் பிள்ளைகள் சமாச்சாரம். சிரிக்கட்டும். ஒன்பது வயதில் மயிலாப்பூரில் நான் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றியும், முப்பத்தைந்து வயதில் அடையாற்றில் அதைத் திருத்தி எழுதப்போய் மூன்று தடவை தோற்றதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'சீட்டு' என்ற சொல். மளிகைச் சீட்டு, மருந்துச் சீட்டு, ஏலச் சீட்டு, சாமி முன்னால் குலுக்கிப் போடும் திருவுளச் சீட்டு, ஐம்பத்திரண்டு சீட்டு. 'அவனுக்குச் சீட்டுக் கிழிஞ்சிடுச்சு' என்றால் வேலை போய்விட்டது என்று பொருள். இவை அனைத்திலும் பொதுவாக இருப்பது ஒன்று: சீட்டு என்பது ஒருவருக்கு ஒன்றை ஒதுக்குகிற காகிதம். எண்ணெய், மாத்திரை, பணம், விதி, பதவி என்று எதை வேண்டுமானாலும் அது ஒதுக்கலாம். காகிதத்துக்குத் தன்னளவில் மதிப்பில்லை. அதை ஒப்புக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதற்கு மதிப்பைத் தருகிறார்கள். குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை கொண்டது என்று மொழியியல் வகுப்பில் படித்ததை நான் உண்மையில் கற்றுக்கொண்டது திருடன் சீட்டைப் பிரித்தபோதுதான்.

எங்கள் வீட்டுக்குள் ஐம்பத்திரண்டு சீட்டு வரக் கூடாது. அப்பா தி.நகர்ப் பக்கம் ஒரு மன்றத்தில் ரம்மி ஆடி இரண்டு மாதச் சம்பளத்தை விட்டதற்குப் பிறகு அம்மா போட்ட சட்டம் அது. ரம்மி பெருமளவு திறமை சார்ந்த ஆட்டம் என்று 1960களின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மேல்முறையீட்டுக்கு இடமில்லை. அதே வாதத்தின் வழியில்தான் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இணைய ரம்மியையும் போக்கரையும் தமிழக அரசின் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பார்க்காமல் நாடாளுமன்றம் மொத்தமாகத் தடை செய்தது. இத்தனை வருஷமாகச் சட்டம் விளையாட்டிடம் கேட்டுவந்த கேள்விகள் இரண்டுதான். ஆட்டம் திறமையா அதிர்ஷ்டமா? பணம் உண்டா இல்லையா? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. யார் யாரை நோக்கி விரலை நீட்டுகிறார்கள்? இதை எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை. பணம் இல்லாத, கட்டு இல்லாத, அம்மாவே நோட்டுத் தாளைக் கிழித்துத் தந்த விளையாட்டில்தான் அந்தக் கேள்வி இருந்தது.

2

விளையாட்டு வாசகருக்குத் தெரிந்ததுதான். ஐந்து துண்டுக் காகிதம். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். மடித்துக் குலுக்கிப் போட வேண்டும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். தெருவுக்குத் தெரு விதி மாறும். எங்கள் முற்றத்தில் போலீஸ் மட்டும் முகத்தைக் காட்டுவார், மற்ற நால்வரும் மூடிக்கொள்வார்கள். போலீஸ் திருடனைச் சுட்டிக் காட்ட வேண்டும். மதிப்பெண்ணும் வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் கணக்கில் ராஜா 1000, ராணி 900, மந்திரி 800, போலீஸ் 500, திருடன் 0. போலீஸ் தப்பாகச் சொன்னால் அவருடைய 500 திருடனுக்குப் போய்விடும்.

இந்தப் பட்டியலை ஒரு அரசியல் சாசனமாக வாசித்துப் பாருங்கள். ராஜாவுக்கு ஆயிரம் எதற்காக? ஆட்டத்தில் அவர் செய்வது ஒன்றுமே இல்லை. ராணியும் மந்திரியும் அப்படியே. வேலை செய்கிறவர் போலீஸ் மட்டும், ஆபத்தில் இருப்பவர் திருடன் மட்டும். மேலே உள்ள மூவரும் காகிதத்தைப் பிரித்த கணத்திலேயே சம்பளம் வாங்கிவிடுகிறார்கள். சீட்டு எடுப்பதில் சமத்துவம், எடுத்த பிறகு படிநிலை. அதிர்ஷ்ட விளையாட்டுகளைப் பற்றி 1958இல் எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோஜே கைய்வா, வாழ்க்கை மறுக்கிற சமத்துவத்தை விளையாட்டு செயற்கையாக உண்டாக்கித் தருகிறது என்றார். குலுக்கலின் முன் எல்லோரும் ஒன்று. அவர் சொன்னது குலுக்கல்வரைக்கும் சரி.

குலுக்கலின் சமத்துவத்துக்கு நம்மிடம் கல்வெட்டுச் சாட்சியே உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் 'ஜனநாயகம்' என்று படித்தோம். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தல். யாருடைய ஓலை குடத்துக்குள் போகலாம் என்பதைப் பாடம் சற்று வேகமாகக் கடந்துவிடும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். ஓலைகளுக்குள் சமத்துவம் இருந்தது. குடத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு ஓலையே இல்லை. பிறர் பொருளைத் திருடியவர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது என்று அந்தப் பட்டியலில் ஒரு விதி உண்டு. திருடன் யார் என்பது குலுக்கலுக்கு முன்பே முடிவாகியிருந்தது. எங்கள் முற்றத்து விளையாட்டு அதைவிடக் கொஞ்சம் தாராளமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடத்துக்குள் திருடனுக்கும் ஒரு ஓலை இருந்ததே.

3

மாட வீதிகளை ஒட்டிய சந்து. ஒரே வீட்டில் ஏழெட்டுக் குடித்தனம், நடுவில் பொதுவாக ஒரு முற்றம், அடிபம்பு. 1999 கோடை விடுமுறை. நானும் அக்காவும், பின்கட்டு வீட்டுப் பையன்கள் இருவரும். ஐந்தாவது ஆள் வேண்டும். எங்கள் குடித்தனங்களில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாளின் மகள் எங்கள் வயசுதான். அவள் ஐந்தாவது ஆள். முற்றம்வரை வரலாம், கூடத்தில் உட்காரலாம், அடுக்களைக்குள் வரக் கூடாது. யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாலு பேர் மூடியிருக்கிறார்கள், அதில் ஒருவர் திருடன். கணக்குப்படி ஒவ்வொருவரும் நாலில் ஒரு பங்கு சந்தேகத்துக்கு உரியவர். ஆனால் எங்களில் யார் போலீஸாக வந்தாலும் விரல் முதலில் போனது அவளிடம். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போகும். அவள் சீட்டைப் பிரித்துக் காட்டுவாள், மந்திரி. அடுத்த ஆட்டம், மறுபடியும் அவள், ராணி. ஒரு மத்தியானம் நான் போலீஸ். நீட்டினேன். அவள் ரொம்ப நிதானமாகக் காகிதத்தை விரித்து முற்றத்துத் தரையில் வைத்தாள். ராஜா. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். அந்த ஞாபகத்தை இப்போது நான் நம்புவதில்லை.

1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அல்தூஸர் ஒரு காட்சியைச் சொல்கிறார். தெருவில் போலீஸ்காரன் 'ஏய், நீதான்!' என்கிறான். திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்புதலிலேயே அந்த அதிகாரத்துக்கு உட்பட்ட தன்னிலையாகிவிடுகிறான். தமிழில் இதை 'விளிப்பு' என்று மொழிபெயர்த்து நாம் நிறையப் பக்கங்கள் எழுதியாகிவிட்டது. எனக்கு அந்தக் காட்சியில் எப்போதும் ஒரு குறை தெரிகிறது. போலீஸ்காரன் யாரைக் கூப்பிட்டாலும் சரிதான் என்பதுபோல அது இருக்கிறது. தெருவில் நடக்கிற எல்லோரும் ஒரே அளவில் கூப்பிடப்படுவதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது, நாடு முழுவதும் நீங்க 1952 ஆனது. அந்தச் சட்டத்துக்குக் குலுக்கல் தேவைப்படவில்லை, பிறப்பே சீட்டு. எங்கள் முற்றத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் குலுக்கினோம். காகிதம் புதிது, விரல் பழையது.

அம்மா அந்த நோட்டை வைத்திருந்தாள், பரண்மேல், பழைய ரேஷன் அட்டைகளோடு. போன வருஷம் எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்தில் ஐந்து பத்திகள். நான்குக்குத் தலைப்பில் பெயர், ஐந்தாவதற்கு வெறும் '5'. ஏன் என்று கேட்டேன். "பேர் தெரியாமலா? நோட்டில எடம் இல்லடா," என்றாள். இடம் இருக்கிறது, அடுத்த பத்தியே காலி. (அவளுடைய பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அம்மாவின் காரணத்தால் அல்ல. அவளைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமையில்லை, கேட்க அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஆனாலும் விளைவு ஒன்றுதான் என்பதை மறைக்கப்போவதில்லை.)

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. திருடன் வந்தவர் 500 வாங்கிய வரிகள் ஏராளம். அவள்மேல் விரல் போன ஒவ்வொரு தடவையும், அவள் திருடனாக இல்லாதபோது, உண்மையான திருடனுக்கு ஐந்நூறு. எங்கள் சந்தேகத்தின் லாபம் எங்களில் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. நிலையான ஒரு சந்தேகம் இருக்கிற ஊரில் திருடனுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

அப்போதுதான் பட்டியலில் எது இல்லை என்பது கண்ணில் பட்டது. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன், ஐந்து வரி. தப்பாகச் சுட்டப்பட்டவருக்கு வரி இல்லை. போலீஸுக்கு நஷ்டம், திருடனுக்கு லாபம். நடுவில் விரலைத் தாங்கிய ஆள் கணக்கிலேயே வரவில்லை. அவள் ராஜாவாக இருந்ததால் ஆயிரம் வாங்கினாள், சுட்டப்பட்டதற்காக ஒரு பைசா இல்லை. பிரதி பேசாமல் விட்ட இடத்தை வாசி என்பது விமர்சனத்தின் பாலபாடம். அந்த ஆறாவது வரியை எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

4

வீட்டிலேயே சீட்டு விளையாட்டு வடிவமைத்து அச்சிட்டு ஆடுவது இன்று சுலபம். கணினியில் வரைந்து ஒரு கோப்பாக வைத்தால் போதும், யாருக்கும் அனுப்பலாம், வேண்டியவர் அச்சிட்டு வெட்டி ஆடிக்கொள்ளலாம். 63 மில்லிமீட்டருக்கு 88 என்ற அளவில் ஒரு ஏ4 தாளில் மூன்று வரிசைக்கு மூன்றாக ஒன்பது சீட்டு அடங்கும். நான்கு தாளில் முப்பத்தாறு. சாதாரணத் தாள் வெளிச்சத்தில் பின்பக்கம் தெரியும். 300 ஜிஎஸ்எம் அட்டை வேண்டும்.

நான் நினைத்திராத சிக்கல் பின்பக்கத்தில் இருந்தது. சீட்டாட்டத்தின் மொத்த அறமும் சீட்டின் முதுகில்தான் இருக்கிறது. எல்லா முதுகும் ஒரே மாதிரி இருந்தால்தான் உள்ளே இருப்பது ரகசியம். சின்ன வயதில் நோட்டுத் தாளில் செய்தபோது பத்து ஆட்டத்தில் திருடன் சீட்டின் மடிப்பு எல்லோருக்கும் பழகிவிடும். காது மடங்கியிருக்கும், மை ஊறியிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் செய்தது நன்றாக இருந்தது. கல்யாணம் முடிந்து மிஞ்சிய கட்டில் எல்லாம் ஒரே அச்சு, கெட்டி அட்டை, உள்பக்கம் காலி. ஆனால் வெட்டும்போது ஒரு துண்டின் முதுகில் தாத்தா பெயர் வரும், ஒன்றில் முகூர்த்த நேரம் வரும், மஞ்சள் தடவியது கலந்திருந்தால் மூலையில் மஞ்சள் வரும். தாத்தாவின் பெயர் போட்ட துண்டு திருடன் என்று அடுத்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். குடும்பத்துக்குள் யாருடைய முதுகும் யாருக்கும் ரகசியமில்லை. தெரியாததுபோல ஆடுவதுதான் குடும்பம்.

கச்சேரி ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் அச்சிடக் கொடுத்தேன். பின்பக்கத்துக்குக் கட்டம் போட்டு, சுற்றி அழகாக ஒரு கரை வைத்திருந்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார்டர் வெக்காதீங்க சார். மிஷின் பேப்பர இழுக்கறப்ப ஒரு மில்லி ரெண்டு மில்லி நகரும். பார்டர் இருந்தா எது நகர்ந்ததுன்னு தெரிஞ்சுடும். எடுத்துட்டு முழுசா டிசைன் ஓடவிடுங்க." கரை இருந்தால் வித்தியாசம் தெரியும், எல்லை இல்லாத கோலமாக ஓடவிட்டால் எந்தச் சீட்டும் அடையாளப்படாது. அவர் சொன்னதை அச்சுத் தொழில்நுட்பமாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு மாதிரியும் கேட்டது.

ஆட்டத்துக்குப் பெயர் 'யார் எடுத்தது?' ராஜா ராணி கிடையாது, போலீஸ் கிடையாது. முப்பத்தைந்து சீட்டில் வீட்டுச் சாமான். டம்ளர், சாவிக்கொத்து, குடை, மூக்குக் கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. ஒன்றில் மட்டும் 'எடுத்தவர்'. ஆறு பேர், ஆளுக்கு ஆறு சீட்டு. சுற்றுக்கு ஒருவர் கேட்பவர். அவர் ஒருவரைச் சுட்ட வேண்டும், அல்லது 'தெரியாது' என்று விட்டுவிடலாம். கேட்பவரே எடுத்தவராகவும் இருக்கலாம். ஆறாவது வரி: தப்பாகச் சுட்டினால் சுட்டியவர் தன் கையிலேயே பெரிய மதிப்புள்ள சீட்டைச் சுட்டப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும். ஈடு. இருபத்தைந்து வருஷம் கழித்து நான் எழுதிய நஷ்ட ஈட்டுச் சட்டம்.

5

அடையாறு காந்தி நகரில் அக்கா வீடு, அடுக்குமாடியில் இரண்டாவது தளம். போன மே மாதம். அக்கா பிள்ளைகள் இருவர், எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவர், அம்மா. ஆறாவது ஆளாக வாட்ச்மேன் மகனைக் கூப்பிட்டது அக்கா பெண். நான் ஆடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் விரல் அவன்மேல் போனது. இரண்டாவதும். அம்மாவின் முறை வந்தபோது "எனக்கு யார் மேலயும் சொல்லத் தோணலை" என்று விட்டுவிட்டாள். எடுத்தவர் சீட்டு அவளிடமே இருந்தது என்பது பிறகு தெரிந்தது. நாலாவது விரல் மறுபடி அவன்மேல். என் ஈட்டுச் சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. தப்பாகச் சுட்டப்பட்டே அவன் கையில் குடை, கடிகாரம், வெள்ளிக் கிண்ணம் எல்லாம் வந்து சேர்ந்தன. கடைசியில் ஜெயித்தவன் அவன். "சூப்பர்டா, நீதான் ஃபர்ஸ்ட்" என்றேன். அவன் சீட்டுகளை அடுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு எதிர்வீட்டுப் பையனைப் பார்த்துக் கேட்டான்: "எதை வெச்சு என்னைச் சொன்ன?"

பதில் இல்லை. "சும்மா தோணுச்சு" என்றான் அந்தப் பையன் கடைசியில். முற்றத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், யாராவது கேட்டிருந்தால். அவள் கேட்கவில்லை, எங்கள் விளையாட்டில் கேட்பதற்கு இடம் இல்லை. ஈடு கொடுப்பது நீதி இல்லை என்று தத்துவத்தில் எனக்குத் தெரியும். ஒரு பையன் ஜெயித்துவிட்டு முகம் சுண்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மதிப்பெண்ணை மாற்றினேன், விரலை மாற்றவில்லை.

இங்கே வேறொரு தோல்வி ஞாபகம் வருகிறது. 1904இல் அமெரிக்காவில் எலிசபெத் மகி என்ற பெண் 'நிலக்கிழார் விளையாட்டு' என்று ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். நிலத்தைக் குவிப்பதன் அநியாயத்தைக் காட்டுவதற்கென்று செய்தது. ஏகபோகத்துக்கு ஒன்று, பகிர்வுக்கு ஒன்று என இரண்டு வகை விதிகள் வகுத்தார். வீடுவீடாகத் துணியில் வரைந்து நகலெடுத்து ஆடினார்கள். ஆட ஆடப் பகிர்வு விதி உதிர்ந்துபோனது. 1935இல் அது 'மோனோபொலி' என்று பெட்டிக்குள் வந்தது. மகிக்குக் காப்புரிமைக்காகக் கிடைத்தது 500 டாலர். பம்பாய், டெல்லி என்று ஊர் பெயர் போட்டு நாம் ஆடிய 'பிஸினஸ்' அதன் வாரிசு. எழுதியவரின் நோக்கம் பிரதியைக் காப்பாற்றுவதில்லை. ஆடுகிறவர்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டையே ஆடுவார்கள்.

6

அவன் கேட்ட கேள்வியை விதியாக்கினேன். இன்னொரு தாள் அச்சிட்டேன், ஒன்பது 'காரண'ச் சீட்டு. சுட்டுகிறவர் ஒரு காரணத்தைக் கீழே போட்டுத்தான் சுட்ட வேண்டும். 'சும்மா தோணுச்சு' செல்லாது. நான் எழுதிய காரணங்களில் சில: 'சீட்டை மாற்றிப் பிடித்தார்', 'கண்ணைப் பார்க்கவில்லை', 'பேசாமல் இருந்தார்', 'சிரிப்பை அடக்கினார்'.

அடுத்த ஞாயிறு ஆடினோம். விரல் மறுபடி அவனிடம் போனது, இப்போது காரணத்தோடு. 'கண்ணைப் பார்க்கவில்லை.' உண்மைதான், அடுத்தவர் வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை யார் கண்ணைப் பார்க்கும்? 'பேசாமல் இருந்தார்.' அதுவும் உண்மை. மற்ற நாலு பிள்ளைகளும் பேசிக்கொண்டிருந்தது அவர்கள் பள்ளியைப் பற்றி. காரணங்களை எழுதியது நான். யாருடைய உடம்பை மனதில் வைத்து எழுதினேன் என்பதை நான் எழுதும்போது கவனிக்கவில்லை.

எம்.ஏ.யில் சிலப்பதிகாரம் பாடமாக இருந்தது. கொலைக்களக் காதையில் எல்லோரும் கண்ணகியின் பக்கம் ஓடிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு இடம் உண்டு. கோவலனைப் பார்த்த காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் அசரவில்லை. களவு நூல் பேசுகிறான். கள்வருக்கு மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம் என்று எட்டு வகைத் துணை உண்டு என்று ஒவ்வொன்றாக விளக்குகிறான். தயக்கத்தை வென்றது பொய் அல்ல, வகைப்படுத்தப்பட்ட அறிவு. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனேதான் என்பது நமக்குத் தெரியும். அவனிடம் எட்டுக் காரணச் சீட்டு இருந்தது. நான் ஒன்பது அச்சடித்திருந்தேன்.

நம் விமர்சனத்தின்மேலும் இந்தக் கேள்வி திரும்புகிறது. 'சும்மா தோணுச்சு' என்கிற மொண்ணையான வெறுப்பைக் கேலி செய்வது நமக்குச் சுலபம். காரணத்தோடு வருகிற வெறுப்பை அடையாளம் காண்பது கஷ்டம், ஏனென்றால் அது நம் மொழியில் பேசுகிறது, நம்மைப் போலவே மேற்கோள் காட்டுகிறது. விளையாட்டு என்பது அன்றாட வாழ்விலிருந்து கோடு போட்டுப் பிரித்த தனி வெளி என்று ஹுய்சிங்கா 1938இல் எழுதினார். மயிலாப்பூர் முற்றத்துக்கும் அடையாற்றுச் சோபாவுக்கும் நடுவில் அப்படி ஒரு கோட்டை நான் எங்கேயும் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே செருப்பை விடலாம். விரலை விட முடியாது.

7

அதோடு நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பையனே வந்தான். கோப்பை அவன் அப்பாவின் போனுக்கு அக்கா பெண் அனுப்பியிருக்கிறாள். அவர்கள் அச்சிடவில்லை. நோட்டில் பார்த்து வரைந்து, கீழே கார் நிறுத்துமிடத்தில் அவனும் பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் பிள்ளைகளுமாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "ஒரு கார்டு எக்ஸ்ட்ரா போட்டிருக்கேன், பரவாயில்லையா அங்கிள்?" என்றான். பற்பசைப் பெட்டியைப் பிரித்து வெட்டிய அட்டை. உள்பக்கத்துச் சாம்பல் நிறத்தில் பால்பாயிண்டால் வரைந்திருந்தான், தூணில் மாட்டிய கேமரா. கீழே எழுத்து: 'கேமரா. யாராவது யாரையாவது சொன்னா இதப் போடலாம். எல்லாரும் கார்டக் காட்டணும். சொன்னவங்களும் காட்டணும்.'

கேமரா என்றால் எனக்கு என்ன தோன்றும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1975இல் வந்த ஃபூக்கோவின் புத்தகம், கண்காணிப்பு, நடுவில் கோபுரம், சுற்றிலும் சிறையறை. அவனிடம் கேட்டேன், இது எதுக்குடா என்று. போன தீபாவளிக்கு மூன்றாவது மாடியில் ஒரு சைக்கிள் காணோம் என்று அவன் அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அப்புறம் யாரோ கேமராவைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது மாடிக்காரர்களின் உறவுக்காரப் பையன்தான் ஓட்டிப் பார்க்க எடுத்துப் போயிருந்தான். "அப்புறம் ஒண்ணும் சொல்லலை," என்றான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்கிறானா, அப்பா எதுவும் பேசவில்லை என்கிறானா என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

பார்க்கப்படுவது எப்போதும் அடக்குமுறை என்று சொல்வது, பார்க்கப்படாமலே நம்பப்படுகிறவர்களின் வசதி. ஃபூக்கோ தப்பென்று சொல்லவரவில்லை. அந்தக் கேமரா நாள் முழுக்க அவன் அப்பாவைத்தான் அதிகமாகப் பார்க்கிறது என்பதும் உண்மை. ஆனால் 'சொன்னவங்களும் காட்டணும்' என்ற வரி எந்தக் கட்டடத்தின் கேமராவிலும் இல்லை. அதை அவன் சேர்த்திருந்தான். நான் ஈடு எழுதினேன், காரணம் எழுதினேன். சுட்டுகிறவனும் தன் கையைத் திறக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்பவரே எடுத்தவராக இருக்கலாம் என்று விதியில் எழுதத் தெரிந்தது, அவரைத் திறக்கச் சொல்லத் தெரியவில்லை. ஆறாவது வரியை எழுதியது அவன்.

பெட்டியில் வாங்கிய விளையாட்டில் இது நடந்திருக்காது. வீட்டில் செய்து அச்சிட்டு ஆடுகிற விளையாட்டின் பெருமை கைவினை அழகிலோ குடும்ப ஒற்றுமையிலோ இல்லை. விதியை எழுதியவர் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்கலாம். அவர் இல்லாத இடத்தில், கார் நிறுத்துமிடத்தில், அதைத் திருத்தலாம். திருத்தினால் நியாயமாகிவிடும் என்று சொல்லமாட்டேன். மகியின் கதையே அதற்கு எதிர்ச் சாட்சி. ஆனால் எந்தப் பக்கம் திருத்தப்படுகிறது என்பது, கோப்பு யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் முற்றத்தில் நோட்டு அம்மாவிடம் இருந்தது, பேனா எங்களிடம் இருந்தது. ஐந்தாவது பத்திக்காரியிடம் யாரும் எதையும் கொடுக்கவில்லை.

அவன் செய்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் பற்பசைப் பெட்டியின் சிவப்பு எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. மற்ற சீட்டுகளோடு கலந்தால் அது யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். "பின்னாடி ஒரே மாதிரி இருக்கணும்டா, இல்லேன்னா யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுடும்."

"தெரியட்டும் அங்கிள்," என்றான். "தெரிஞ்சாதானே சும்மா சொல்லமாட்டாங்க."